ஒரே கோட்ல ஷாப்பிங் ஆப்: ஆண்ட்ராய்டு, ஐபோன், பிரவுசர் மூணுலயும் ஓட்டறது எப்படி

ஒரு தடவை கோட் எழுதினா எல்லா டிவைஸ்லயும் ஓடும்னு சொல்றாங்கல்ல, அது பொய் இல்ல, ஆனா பாதி தான் சொல்றாங்க. திரை வரையறது, வாங்கற கூடைல (கார்ட்) கூட்டி கழிக்கறது, பட்டன தட்டினா அடுத்த பக்கம் போறது இதெல்லாம் பெரும்பாலும் ஒரே கோட்ல சமத்தா ஓடிடும். சர்வரோட பேசறது, காசு வாங்கறது, நெட் போனா சமாளிக்கறது, ஸ்டோர்ல ஏத்தறது, இந்த நாலு இடத்துல ஒவ்வொரு டிவைஸும் தனித்தனியா மல்லுக்கு நிக்கும். அதனால நான் யாருக்கு சொன்னாலும் சொல்றது ஒண்ணு தான்: ஆண்ட்ராய்டுல முழுசா முடிச்சிட்டு அப்புறமா ஐபோனையும் வெப்பையும் பாத்துக்கலாம்னு தள்ளிப் போடாதீங்க, வெறும் 'வணக்கம்'னு ஒரு திரை இருக்கும்போதே மூணுலயும் ஓட்டிப் பாருங்க, அப்புறம் வாரத்துக்கு ஒரு தடவையாவது மூணுலயும் ஓட்டுங்க.

உதாரணத்துக்கு மயிலாப்பூர் வடக்கு மாட வீதில இருக்கற மாதிரி ஒரு கொலு பொம்மை கடைன்னு வெச்சுக்கலாம். ஏன் இதுன்னா டீ ஷர்ட் கடை மாதிரி ஒவ்வொண்ணுலயும் ஐநூறு பீஸ் இருக்காது, ஒரு தசாவதார செட் ரெண்டே ரெண்டு இருக்கும், கல்யாண செட் ஒண்ணே ஒண்ணு தான் இருக்கும், உடையற சாமான், அதுலயும் வருஷம் பூரா தூங்கிட்டு புரட்டாசி வந்தா எல்லாரும் ஒரே நேரத்துல வந்து நிப்பாங்க. ஷாப்பிங் ஆப்ல வர்ற தலைவலி மொத்தமும் இந்த ஒரு கடைலயே கிடைச்சிடும்.

எதுல எழுதறது

ஜாவாஸ்கிரிப்ட் கைல நல்லா ஓடும்னா யோசிக்காம ரியாக்ட் நேட்டிவ் எடுங்க, ஒரே கோட்ல பல டிவைஸுக்கு ஆப் எழுதற கருவி, ஃபேஸ்புக் 2015ல வெளியிட்டது, வேலைவாய்ப்பும் சென்னை ஓஎம்ஆர் பக்கம் நிறையவே இருக்கு. புதுசா ஆரம்பிக்கறீங்கன்னா நான் ஃப்ளட்டர் சொல்வேன். அதே மாதிரி கருவி தான், கூகுளோடது, டார்ட் மொழி, 1.0 வந்தது 2018 டிசம்பர்ல, வெப் சப்போர்ட் ஸ்டேபிள் ஆனது 2021 மார்ச்ல 2.0 வந்தப்போ. கீழ சொல்றதெல்லாம் ஃப்ளட்டர வெச்சு தான், ஆனா பேமென்ட், ஸ்டாக், ஸ்டோர் விஷயமெல்லாம் எதுல எழுதினாலும் அதே கதை தான்.

ஒரு விஷயம் முன்னாடியே சொல்லிடறேன், ஃப்ளட்டர் வெப் மொத்த திரையையும் ஒரு கேன்வாஸ்ல வரையுது, சாதாரண வெப் பக்கம் மாதிரி எழுத்தெல்லாம் எச்டிஎம்எல்ல இருக்காது. கூகுள்ல 'கொலு பொம்மை மயிலாப்பூர்'னு தேடறவங்க உங்க கடைக்கு வரணும்னா இது உதவாது. பொருள் பக்கத்த மட்டும் சாதாரண எச்டிஎம்எல்ல தனியா போட்டுட்டு, வாங்கறதுக்கு ஆப்புக்கு அனுப்பற மாதிரி பண்ணுங்க. கடைக்கு மொத்தமே இருபது முப்பது ஆர்டர் தான் வரும்னா ஆப்பே வேணாம், வாட்ஸ்ஆப் கேட்டலாக் போதும், இத கேட்டு யாரும் கோவிச்சுக்காதீங்க.

மெஷினும் போனும்

8 ஜிபி ரேம் லேப்டாப்ல ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ, எமுலேட்டர் (லேப்டாப்புக்குள்ளயே ஓடற பொய் போன்), க்ரோம் மூணையும் ஒண்ணா திறந்தா ஃபேன் கத்தற கத்துல பக்கத்து வீட்டுக்காரங்க எட்டிப் பாப்பாங்க. 16 இருந்தா நிம்மதி. ரிச்சி ஸ்ட்ரீட் போய் ரேம் வாங்கறதுக்கு முன்னாடி உங்க மாடல்ல ரேம மாத்த முடியுமா இல்ல போர்டுலயே சால்டர் பண்ணி ஒட்டிருக்கானான்னு பாத்துட்டு போங்க. மாத்த முடியாதுன்னா எமுலேட்டர மறந்துட்டு நேரா போன சொருகி வேலை பாருங்க, என்னைக் கேட்டா அது தான் நல்லதும் கூட. அந்த போனும் பழைய, சல்லிசான, 3 ஜிபி ரேம் போனா இருக்கட்டும், வாங்கறவங்க முக்கால்வாசி பேர் கைல இருக்கறது அந்த ரகம் தான்.

ஃப்ளட்டர இறக்கின உடனே டெர்மினல்ல 'ஃப்ளட்டர் டாக்டர்' கமாண்ட் ஓட்டுங்க, எது இல்ல எது குறையுதுன்னு அதுவே புட்டு புட்டு வெச்சிடும், ஆண்ட்ராய்டு லைசென்ஸ் ஏத்துக்கலன்னு சொன்னா அதுக்கான கமாண்டையும் அங்கயே காட்டும். அப்புறம் போன்ல செட்டிங்ஸ் போய் பில்ட் நம்பர ஏழு தடவை தட்டினா டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும், உள்ள போய் யுஎஸ்பி டீபக்கிங் ஆன் பண்ணுங்க. ஷவ்மி, ரெட்மி போன்னா 'இன்ஸ்டால் வயா யுஎஸ்பி'னு தனியா இன்னொரு சுவிட்ச் இருக்கும், அத போடாம ஆப் ஏற மாட்டேங்குதேன்னு ராத்திரி பூரா உக்காந்திருக்கறவங்க இருக்காங்க. லேப்டாப்புக்கு போனே தெரியலன்னா முதல்ல கேபிள மாத்திப் பாருங்க, சார்ஜ் மட்டும் ஏத்தற கேபிள்ல டேட்டா போகாது.

'ஃப்ளட்டர் டிவைசஸ்' போட்டா எதெல்லாம் இணைஞ்சிருக்குன்னு லிஸ்ட் வரும். ரன் கமாண்டோட மைனஸ் டி சேத்து டிவைஸ் பேர் குடுத்தா அதுல ஓடும், பேருக்கு பதிலா 'ஆல்'னு குடுத்தா இணைஞ்சிருக்கற எல்லாத்துலயும் ஒரே நேரத்துல ஓடும். போன், க்ரோம் ரெண்டையும் பக்கத்து பக்கத்துல வெச்சுக்கிட்டு கோட்ல ஒரு கலர மாத்தி ஹாட் ரீலோட் (ஆப்ப மறுபடி ஆரம்பிக்காம மாத்தினத காட்டறது) பண்ணா ரெண்டும் மாறும், அந்த சந்தோஷம் தனி.

ஐபோனுக்கு மேக் இல்லாம முடியாது, ஐபோன் ஆப் கட்டற ஆப்பிளோட சாஃப்ட்வேர் எக்ஸ்கோட் மேக்ல மட்டும் தான் ஓடும். விண்டோஸ் லேப்டாப்லேந்து ஆண்ட்ராய்டு, வெப், விண்டோஸ் ஆப் மூணும் எடுக்கலாம், ஐஓஎஸ் எடுக்க முடியாது, ஒண்ணு ஃப்ரெண்டோட மேக், இல்ல வாடகைக்கு விடற கிளவுட் மேக் சர்வீஸ். சொந்த ஐபோன்ல போட்டுப் பாக்கறதுக்கு சும்மா ஒரு ஆப்பிள் ஐடி போதும், காசு கட்ட வேணாம், ஆனா அப்படி போட்ட ஆப் 7 நாள்ல செத்துடும், திரும்ப போடணும். ஐஓஎஸ் 16லேந்து போன்லயும் டெவலப்பர் மோட் ஆன் பண்ணணும்.

சர்வர் அட்ரஸ், இங்க தான் பாதி பேர் விழறாங்க

உங்க லேப்டாப்ல ஏபிஐ சர்வர் (ஆப் கேக்கற பொருள், விலை விவரத்த குடுக்கற ப்ரோகிராம்) 3000 போர்ட்ல, அதாவது 3000ம் நம்பர் வாசல்ல, ஓடுதுன்னு வெச்சுக்கோங்க. கோட்ல லோக்கல்ஹோஸ்ட்னு, அதாவது 'இதே மெஷின்'னு எழுதினீங்க. க்ரோம்ல வேலை செய்யும், ஐபோன் சிமுலேட்டர்ல வேலை செய்யும், ஆண்ட்ராய்டு எமுலேட்டர்ல செய்யாது. ஏன்னா எமுலேட்டர் தன்னையே ஒரு தனி போனா நினைச்சுக்குது, அதோட லோக்கல்ஹோஸ்ட் அதுவே தான். உங்க லேப்டாப்ப கூப்பிட 10.0.2.2னு ஒரு அட்ரஸ் அதுக்குன்னே வெச்சிருக்காங்க.

நிஜ ஆண்ட்ராய்டு போன் யுஎஸ்பில இருந்தா 'ஏடிபி ரிவர்ஸ்' கமாண்டுக்கு ரெண்டு பக்கத்துக்கும் 3000 போர்ட்ட குடுங்க, போன்ல லோக்கல்ஹோஸ்ட்னு கேட்டா கேபிள் வழியா லேப்டாப்புக்கு வந்துடும். நிஜ ஐபோன்னா இந்த வசதி இல்ல, லேப்டாப்போட வைஃபை ஐபி, பெரும்பாலும் 192.168னு ஆரம்பிக்கும்ல, அத குடுக்கணும், ரெண்டும் ஒரே வைஃபைல இருக்கணும், சர்வர் 127.0.0.1ல (தன் மெஷின்லேந்து வர்றத) மட்டும் கேக்காம 0.0.0.0ல (வெளிலேந்து வர்றதையும்) கேக்கணும், விண்டோஸ் ஃபயர்வால் வழி விடணும். இவ்வளவும் பண்ணி இன்னும் வரலன்னா நீங்க வேளச்சேரி, பெருங்குடி பக்கம் பிஜில இருக்கீங்களான்னு பாருங்க, அங்க சில இடத்துல வைஃபைல ஒரு டிவைஸ் இன்னொரு டிவைஸோட பேச முடியாதபடி பூட்டி வெச்சிருப்பாங்க. போன் ஹாட்ஸ்பாட் போட்டு லேப்டாப்ப அதுல இணைச்சா தீந்தது.

இந்த அட்ரஸ பத்து ஃபைல்ல எழுதி வெக்காதீங்க. ஒரே இடத்துல வெச்சு, ரன் பண்ணும்போது டார்ட் டிஃபைன்ங்கற ஆப்ஷன் மூலமா வெளிலேந்து குடுங்க, வீட்டுக்கு ஒண்ணு, லைவுக்கு ஒண்ணுன்னு.

அடுத்து பிரவுசர். போன்ல எல்லாம் ஜோரா வருது, க்ரோம்ல மட்டும் பொருள் லிஸ்ட் காலியா இருக்கு, கன்சோல்ல சிவப்பா சிஓஆர்எஸ்னு எரர். இது உங்க ஆப்போட தப்பு இல்ல, வேற டொமைன்லேந்து கேக்கறதுக்கு சர்வர் அனுமதி குடுக்கலன்னா பிரவுசர் பதில உங்க கைல தராது. சர்வர்ல உங்க வெப் டொமைன அனுமதி லிஸ்ட்ல சேக்கணும். பொம்மை படம் வேற சர்வர்லேந்து வந்தா அதுக்கும் இதே அனுமதி வேணும், இல்லன்னா பேரும் விலையும் வரும் படம் வராது. க்ரோம்ல செக்யூரிட்டிய ஆஃப் பண்ணி ஓட்டற ட்ரிக் ஒண்ணு சுத்திக்கிட்டு இருக்கு, வேணாம், லைவ்ல போய் முட்டிக்குவீங்க. சைட் எச்டிடிபிஎஸ்ல இருந்து ஏபிஐ வெறும் எச்டிடிபில இருந்தாலும் பிரவுசர் விடாது.

இதுக்கு நேர் எதிரா ஆண்ட்ராய்டுல ஒண்ணு இருக்கு. ஃப்ளட்டர் புது ப்ராஜெக்ட்ல இன்டர்நெட் பர்மிஷன் டெஸ்ட்டுக்கான டீபக், ப்ரொஃபைல் மேனிஃபெஸ்ட்ல (ஆப்புக்கு என்னென்ன அனுமதி வேணும்னு எழுதற ஃபைல்) மட்டும் எழுதிருக்கும், மெயின் மேனிஃபெஸ்ட்ல இருக்காது. அதனால டெஸ்ட் பண்ணும்போது நெட் வரும், ரிலீஸ் பில்ட் எடுத்து கடைக்காரர் போன்ல போட்டா ஒண்ணுமே வராது. முதல் நாளே மெயின் மேனிஃபெஸ்ட்ல அந்த ஒரு வரிய சேத்துடுங்க.

திரை

பொருள் கிரிட்ல ரெண்டு காலம் (நெடுக்க வர்ற வரிசை)னு எண்ண அடிச்சு வெச்சா போன்ல அழகா இருக்கும், லேப்டாப்ல ஒரு பிள்ளையார் முகம் மட்டும் அரை திரைக்கு நிக்கும். காலம் எண்ணிக்கைய குடுக்காம ஒரு பொருள் கட்டத்தோட அதிகபட்ச அகலத்த குடுங்க, 200 அப்படின்னு, எத்தனை காலம் வரும்ங்கறத அதுவே முடிவு பண்ணிக்கும்.

தமிழ்ல பட்டன் வெக்கறவங்க கவனமா இருங்க. இங்கிலீஷ்ல 'ஆட்' (Add) இருந்த இடத்துல 'கூடையில் சேர்க்கவும்' வந்தா ஓரத்துல மஞ்சள் கருப்பு கோடு கோடா வரும், ஃப்ளட்டர்ல இடம் பத்தலன்னா அப்படித்தான் கத்தும். 'வாங்கு'ன்னு சின்னதா வெச்சிடுங்க. போன் செட்டிங்ஸ்ல எழுத்து அளவ பெருசு பண்ணி ஒரு தடவை எல்லா திரையையும் பாருங்க, கொலு பொம்மை வாங்கற மாமிங்க பாதி பேர் அப்படித்தான் வெச்சிருப்பாங்க. வெப்ல தமிழ் ஃபான்ட்ட ஆப்போட சேத்து கட்டிடுங்க, நோட்டோ சான்ஸ் தமிழ் ஓகே, இல்லன்னா ஃப்ளட்டர் ஃபான்ட்ட இறக்கி முடிக்கற வரைக்கும் எழுத்துக்கு பதிலா கட்டம் கட்டமா தெரியும். விலைய 1,00,000னு நம்ம ஊர் கமால காட்டணும்னா நம்பர் ஃபார்மேட்ல இந்திய லோக்கேல் (எந்த ஊர் வழக்கம்ங்கற செட்டிங்) குடுக்கணும், குடுக்கலன்னா 100,000.

பேனர் ஸ்லைட வெச்சு விரல்ல தள்ளினா போன்ல நகரும், லேப்டாப்ல மவுஸால இழுத்தா நகராது, ஃப்ளட்டர் டீஃபால்ட்டா மவுஸ் இழுப்ப ஸ்க்ரோலா எடுத்துக்காது. ஸ்க்ரோல் பிஹேவியர்ல மவுஸையும் சேருங்க, இல்ல ரெண்டு பக்கமும் அம்புக்குறி வெச்சிடுங்க. பேக் பட்டனும் மூணு விதம், ஆண்ட்ராய்டு சைகை, ஐபோன்ல ஓரத்துலேந்து இழுக்கறது, பிரவுசர் பேக். ஒவ்வொரு பொருளுக்கும் தனி யூஆர்எல் வர்ற மாதிரி ரூட்டர் (திரைக்கு யூஆர்எல் குடுக்கற கோட்) போட்டா தான் வாட்ஸ்ஆப்ல 'இந்த செட் பாருடி'ன்னு லிங்க் அனுப்ப முடியும், அதுல தான் வியாபாரமே நடக்கும்.

கார்ட்டும் ஸ்டாக்கும்

காச டபுள்ல (தசம நம்பர் வகை) வெக்காதீங்க. 0.1ம் 0.2ம் கூட்டினா 0.3 வராது, 0.30000000000000004னு வரும், கம்ப்யூட்டர் தசமத்த அப்படித்தான் வெச்சிருக்கு. பைசால முழு எண்ணா வெச்சுக்கோங்க, 1,499 ரூபான்னா 149900. ரேசர்பே மாதிரி கேட்வேயும் (காசு வாங்கித் தர்ற சர்வீஸ்) பைசால தான் கேக்குது.

ஆப் அனுப்பற விலைய சர்வர் நம்பவே கூடாது. ஆப் பொருள் ஐடியும் எண்ணிக்கையும் மட்டும் அனுப்பட்டும், மொத்தம் எவ்வளவுன்னு சர்வர் போட்டு சொல்லட்டும். வெப் வெர்ஷன்ல எவனாவது டெவலப்பர் டூல்ஸ திறந்து 1,499அ 1னு மாத்தி அனுப்ப ரெண்டு நிமிஷம் ஆகாது.

இப்ப கல்யாண செட் ஒண்ணே ஒண்ணு இருக்கு, மாம்பலத்துலேந்து ஒருத்தங்க, அண்ணா நகர்லேந்து ஒருத்தங்க, ரெண்டு பேரும் ஒரே நேரத்துல வாங்கறாங்க. முதல்ல ஸ்டாக்க படிச்சு, இருக்கான்னு பாத்து, அப்புறம் குறைச்சா ரெண்டு பேருக்கும் வித்துடுவீங்க. 'ஸ்டாக் ஒண்ணுக்கு மேலயோ சமமாவோ இருந்தா ஒண்ணு குறை'ன்னு ஒரே டேட்டாபேஸ் அப்டேட்ல கேளுங்க, எத்தனை வரி மாறிச்சுன்னு பாருங்க, பூஜ்யம்னா 'தீந்துடுச்சு'. எப்ப குறைக்கறதுன்னு ஒரு கேள்வி வரும், கார்ட்ல போட்ட உடனேன்னு சில பேர் செய்வாங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல, கார்ட்ல போட்டுட்டு சமைக்க போயிடுவாங்க, பொம்மை யாருக்கும் கிடைக்காது. காசு கட்ட போற பட்டன தட்டும்போது பத்து நிமிஷத்துக்கு பிடிச்சு வெச்சு, கட்டலன்னா திரும்ப ஸ்டாக்குக்கு விடுங்க.

டெலிவரி சார்ஜுக்கு பின்கோட் 600ல ஆரம்பிச்சா சென்னைன்னு ஒரு இஃப் போட்டு முடிச்சிடாதீங்க. தாம்பரம் 600045, ஆவடி 600054, ரெண்டும் சென்னை மாவட்டமே இல்ல, மயிலாப்பூர் 600004லேந்து அங்க மண் பொம்மைய உடையாம கொண்டு போற செலவே வேற. பின்கோடுக்கு ஒரு டேபிள் போட்டு கடைக்காரரயே சார்ஜ் எழுதிக்க விடுங்க.

காசு வாங்கறது

நம்ம ஊர்ல யுபிஐ தான் முக்கியம், அது தான் டிவைஸுக்கு டிவைஸ் மாறும். ஆண்ட்ராய்டுல உங்க ஆப் யுபிஐ லிங்க திறந்தா போன்ல இருக்கற ஜிபே, போன்பே எல்லாம் வரிசையா வரும், ஆனா ஆண்ட்ராய்டு 11லேந்து எந்த மாதிரி ஆப்பெல்லாம் தேடப் போறீங்கன்னு மேனிஃபெஸ்ட்ல முன்னாடியே எழுதி வெச்சா தான் இருக்கா இல்லையான்னே கேக்க முடியும். ஐபோன்லயும் இன்ஃபோ பிலிஸ்ட்ங்கற ஃபைல்ல அதே மாதிரி ஒரு லிஸ்ட் எழுதணும். லேப்டாப் பிரவுசர்ல திறக்கறதுக்கு ஆப்பே கிடையாது, க்யூஆர் காட்டணும். கேட்வே எஸ்டிகே (அவங்க குடுக்கற ரெடிமேட் கோட்) இதுல பாதிய பாத்துக்கும், மேனிஃபெஸ்ட் வேலை உங்களோடது, அவங்க டாக்குமென்டேஷன்ல இருக்கறத அப்படியே போடுங்க.

அந்த 3 ஜிபி போன்ல என்ன ஆகும்னா, ஜிபே திறக்குது, பின் போடறாங்க, அதுக்குள்ள மெமரி பத்தாம ஆண்ட்ராய்டு உங்க ஆப்ப பின்னாடி கொன்னுடுது, திரும்பி வந்தா ஆப் முதல் திரைலேந்து ஆரம்பிக்குது, காசு போயிடுச்சு, ஆர்டர் இல்ல. அதனால ஆர்டர் ஐடிய சர்வர்ல முன்னாடியே உருவாக்கி, போன்ல சேமிச்சு வெச்சிட்டு அப்புறம் தான் பேமென்ட்ட திறக்கணும். ஆப் திறந்த உடனே முடியாத ஆர்டர் ஏதாவது இருக்கான்னு சர்வர கேக்கணும். காசு வந்துச்சுங்கறத ஆப் சொன்னா நம்பாதீங்க, கேட்வே உங்க சர்வருக்கு நேரா அனுப்பற மெசேஜ, அதாவது வெப்ஹுக்க, கையெழுத்து சரிபாத்து, அத மட்டும் நம்புங்க. டெவலப்பர் ஆப்ஷன்ஸ்ல 'டோன்ட் கீப் ஆக்டிவிட்டீஸ்'னு ஒண்ணு இருக்கு, அத ஆன் பண்ணி வெச்சு ஒரு ஆர்டர் போட்டுப் பாத்தீங்கன்னா கிட்டத்தட்ட இதே நிலைமைய வீட்லயே வரவழைக்கலாம்.

பொம்மை கைல பிடிக்கற பொருள்ங்கறதால ஆப்பிளும் கூகுளும் அவங்க பில்லிங்ல தான் வாங்கணும்னு கேக்க மாட்டாங்க, கமிஷனும் இல்ல. அந்த ரூல் டிஜிட்டல் சாமானுக்கு தான்.

நெட் போறதையும் சோதிங்க. தி.நகர் பெரிய கடை பேஸ்மென்ட்ல, லிஃப்ட்ல போய் நின்னு ஆர்டர் பட்டன தட்டுங்க, சுத்திக்கிட்டே இருந்தா திரும்ப தட்டுவோம்ல, ரெண்டு ஆர்டர் விழுதான்னு பாருங்க. ஒவ்வொரு ஆர்டர் முயற்சிக்கும் ஆப்பே ஒரு தனி ஐடி போட்டு அனுப்பினா, அதே ஐடி ரெண்டாவது தடவை வந்தா சர்வர் பழைய பதிலயே குடுத்துடலாம். க்ரோம்ல டெவலப்பர் டூல்ஸ்லயே நெட்ட மெதுவாக்கிப் பாக்கலாம்.

ஸ்டோர்ல ஏத்தறது

டீபக் மோட்ல ஸ்க்ரோல் திக்கித் திக்கி ஓடறத பாத்து பயப்படாதீங்க, வேகம் பாக்கணும்னா ப்ரொஃபைல் மோட்ல நிஜ போன்ல ஓட்டிப் பாருங்க. அங்கயும் திக்கினா பெரும்பாலும் காரணம் படம் தான், 4000 பிக்சல் போட்டோவ 200 அகல கட்டத்துல காட்டறீங்க, சர்வர்லயே சின்னதாக்கி அனுப்புங்க.

கூகுள் ப்ளே ஒரு தடவை 25 டாலர், ஆப்பிள் வருஷா வருஷம் 99 டாலர். 2023 நவம்பர் 13க்கு அப்புறம் திறந்த தனிநபர் ப்ளே அக்கவுன்ட்னா 12 பேர் தொடர்ந்து 14 நாள் க்ளோஸ்டு டெஸ்ட்ல (நீங்க கூப்பிட்டவங்க மட்டும் சோதிக்கறது) இருந்தா தான் எல்லாருக்கும் வெளியிட அனுமதியே கேக்க முடியும். லாகின் ஓடிபி எஸ்எம்எஸ் அனுப்பறீங்கன்னா டிஎல்டி ரெஜிஸ்ட்ரேஷனும் (எஸ்எம்எஸ் அனுப்பற கம்பெனிங்க டெலிகாம்காரங்ககிட்ட பண்ற பதிவு) டெம்ப்ளேட் அனுமதியும் வாங்கணும், அதுவும் ஒரே நாள்ல முடியாது. புரட்டாசில கடை திறக்கணும்னா ஆடி பொறக்கும்போதே இந்த ரெண்டையும் ஆரம்பிச்சிடுங்க. ப்ளேக்கு ஆப் பண்டில் ஃபைல் தான் ஏத்தணும், ஏபிகே இல்ல. ஆப் உங்களோடது தான்னு காட்டற கையெழுத்து கீஸ்டோர் ஃபைலையும் அதோட பாஸ்வேர்டையும் லேப்டாப்ல மட்டும் வெச்சுக்காம வேற ஒரு இடத்துலயும் வெச்சுக்கோங்க.

லாகின் இருக்கற ஆப்னா அக்கவுன்ட்ட டெலீட் பண்ற வழி உள்ளயே இருக்கணும், ரெண்டு ஸ்டோரும் கேக்கும். ஆப்பிள் ரிவ்யூக்கு அனுப்பும்போது இன்னொண்ணு, ரிவ்யூ பண்றவர் கைல இந்திய நம்பர் இருக்காது, ஓடிபி அவருக்கு போகாது, லாகின் ஆக முடியலன்னு திருப்பி அனுப்பிடுவார். ஒரு டெமோ நம்பருக்கு மட்டும் மாறாத ஓடிபி வெச்சு, அந்த அக்கவுன்ட்டுக்கு பேமென்ட்ட டெஸ்ட் மோட்ல விட்டு, ரெண்டையும் ரிவ்யூ நோட்ஸ்ல எழுதி அனுப்புங்க.

வெளியிட்டதுக்கு அப்புறம் வெப்ல நீங்க மாத்தறது சீக்கிரமே எல்லாருக்கும் போயிடும், போன்ல போன வருஷ வெர்ஷனயே வெச்சுக்கிட்டு இருக்கறவங்க இருப்பாங்க. ஏபிஐல ஒரு ஃபீல்ட தூக்கினா அவங்க ஆப் உடையும், அதனால புதுசா சேருங்க, பழச தூக்காதீங்க. முதல் வெர்ஷன்லயே, ஆப் திறக்கும்போது 'குறைஞ்சபட்சம் எந்த வெர்ஷன் வேணும்'னு சர்வர கேட்டு, கம்மியா இருந்தா அப்டேட் பண்ண சொல்ற ஒரு திரைய சேத்து அனுப்பிடுங்க, பின்னாடி சேத்தா பழைய வெர்ஷன் வெச்சிருக்கறவங்களுக்கு அது போய் சேராது.